அந்தக் கசப்பின் பெயர் என்ன? மூலிகைக்குள் இருக்கும் சேர்மத்தை அடையாளம் காணும் கதை

நிலவேம்பு இலை ஒன்றைக் கிள்ளி முன்பல்லால் கடித்துப் பாருங்கள். முதலில் வெறும் பச்சை வாசனைதான். இரண்டு மூன்று நொடியில் கசப்பு ஏறத் தொடங்கும். நாக்கின் அடிவரை போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் குடித்தாலும் எளிதில் நகராது. (நிலவேம்புதான் என்று உறுதியாகத் தெரிந்த செடியில் மட்டும் இதைச் செய்யுங்கள். பேர் தெரியாத இலையை வாயில் வைப்பதற்குப் பேர் ஆராய்ச்சி இல்லை.) அந்தச் சில நொடிகளில் உங்கள் நாக்கு ஒரு வேதிப் பகுப்பாய்வைச் செய்து முடித்துவிட்டது. முடிவு: இந்த இலையில் கசக்கும் பொருள் ஏதோ ஒன்று இருக்கிறது.

அந்த ‘ஏதோ ஒன்று’ எது என்று சொல்லத்தான் நாக்குக்குத் தெரியாது. வேப்பிலையும் கசக்கும், சின்கோனா மரப்பட்டையும் கசக்கும். இரண்டின் கசப்புப் பொருட்களுக்கும் வேதியியலில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே இலைக்குள் சர்க்கரைகள், கொழுப்புகள், நிறமிகள், மெழுகுகள் என்று நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கலந்து கிடக்கின்றன. அந்தக் கூட்டத்தில் கசப்புக்குக் காரணமான ஆளைப் பிடித்து, பெயரும் முகவரியும் எழுதி வாங்குவது எப்படி?

‘இந்த மூலிகையில் இன்னின்ன வேதிப்பொருட்கள் கண்டறியப்பட்டுள்ளன’ என்ற வாக்கியத்தைச் செய்திகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் அடிக்கடி படிக்கிறோம். ‘கண்டறியப்பட்டன’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் ‘இருக்கலாம்’, ‘இருக்கும் போலிருக்கிறது’, ‘இதுவேதான்’ என்ற மூன்று வேறு வேறு செய்திகள் ஒளிந்திருக்க முடியும். எந்தச் சோதனை எந்த அளவுக்குச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை அந்த வாக்கியத்தைப் படிக்கும்போது எதை நம்புவது என்பது பிடிபடும்.

முதலில் செடி எது?

கருவிகளுக்குப் போகும் முன் ஒரு சலிப்பூட்டும் வேலை இருக்கிறது. அதைத் தாவிச் சென்றவர்கள் பலர். தாவியவர்களின் உழைப்பு முழுவதும் வீண்.

நிலவேம்பு என்று நான் சொல்வது ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலேட்டா என்ற தாவரவியல் பெயர் கொண்ட செடியை. சிலர் இதைச் சிறியாநங்கை என்பார்கள். வடக்கே கால்மேகம். இதே போலக் கடும் கசப்புள்ள இன்னொரு மூலிகை ஸ்வெர்ஷியா சிராயிதா. காய்ந்து நொறுங்கிய நிலையில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று கலந்துவிடுவது மூலிகை வணிகத்தில் பழைய கதை. நிலவேம்பு ஆடாதொடையின் குடும்பம்; ஸ்வெர்ஷியா ஜென்ஷியன் குடும்பம். அதன் கசப்புக்கு முக்கியக் காரணம் அமரோஜென்டின் என்ற முற்றிலும் வேறான சேர்மம். செடியை மாற்றி எடுத்துவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் தவறான கேள்விக்குச் சரியான விடையைத்தான் தரும்.

அதனால்தான் செடியின் பூ, காய், இலையோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, பறித்த இடமும் நாளும் எழுதி, ஒரு உலர்தாவரக் காப்பகத்தில் எண் போட்டு வைக்கிறார்கள். பத்து ஆண்டுகள் கழித்து யாருக்காவது சந்தேகம் வந்தால், அந்தத் தாளை எடுத்துப் பார்க்கலாம். எந்தப் பாகம், எந்தப் பருவம் என்பதும் முக்கியம். நிலவேம்பில் கசப்புப் பொருள் தண்டைவிட இலையில் அதிகம். ‘செடியில் இல்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் தண்டை மட்டும் அரைத்திருக்கவும் கூடும்.

இலையிலிருந்து சாற்றுக்கு

இலையை அப்படியே கருவிக்குள் போட முடியாது. நிழலில் உலர்த்தி, பொடித்து, ஏதாவது ஒரு கரைப்பானில் ஊறவைக்க வேண்டும். எந்தக் கரைப்பான் என்பதில்தான் பாதி விளையாட்டு. ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்பது பழைய விதி: எண்ணெய்த்தன்மை கொண்ட ஹெக்சேன், மெழுகையும் கொழுப்பையும் இழுத்துக்கொண்டு வரும், எத்தில் அசிட்டேட் கொழுப்புக்கும் நீருக்கும் நடுத்தரமான ஆட்களை, மெத்தனால் அதைவிட நீரோடு ஒட்டுகிறவற்றை, தண்ணீர், சர்க்கரையையும் உப்பையும். நிலவேம்பின் கசப்புப் பொருள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, மெத்தனாலில் நன்றாகக் கரையும். கொஞ்சம் கரைந்தாலே நாக்கு அலறுகிறது என்பது வேறு விஷயம்.

வெப்பமும் கணக்கில் வரும். இதற்குச் சீன விஞ்ஞானி து யூயூவின் அனுபவத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. மலேரியாவுக்கு மருந்து தேடிய அவரது குழு, சிங்ஹாவ் என்ற மூலிகையின் சாற்றை எலிகளில் சோதித்தபோது பலன் ஒரு முறை வந்தது, மறுமுறை வரவில்லை. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்பவர் எழுதிய மருத்துவக் கையேட்டில் ஒரு குறிப்பு: ஒரு பிடி சிங்ஹாவை நீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடி. கொதிக்கவை என்று அதில் இல்லை. கொதிக்கவைப்பதுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று து யூயூவுக்குத் தோன்றியது. சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துப் போகும் ஈதரைக் கரைப்பானாக எடுத்தார். 1971-இல் பலன் சீராக வந்தது. 1972-இல் தூய படிகம் கிடைத்தது. அதுதான் ஆர்ட்டிமிசினின். 2015-இல் நோபல் பரிசு. சேர்மம் முன்பும் அதே இலையில்தான் இருந்தது. வெந்நீர் அதைச் சிதைத்துக்கொண்டிருந்தது. சாறெடுக்கும் முறையும் சோதனையின் ஒரு பகுதி என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

நிறம் மாறினால் என்ன அர்த்தம்?

சாறு கிடைத்ததும் பெரும்பாலானோர் செய்வது நிறச் சோதனைகள். சாற்றில் டிராகன்டார்ஃப் கரைசலை விட்டால் ஆரஞ்சு நிற வீழ்படிவு: ஆல்கலாய்டு (நைட்ரஜன் கொண்ட ஒரு தாவரச் சேர்ம வகை) இருக்கலாம். ஃபெர்ரிக் குளோரைடு விட்டுக் கருநீலமோ கரும்பச்சையோ வந்தால் ஃபீனால் வகை. மெக்னீசியமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துச் சிவந்தால் ஃபிளேவனாய்டு. தண்ணீரில் குலுக்கி நுரை நின்றால் சப்போனின். கெட் கரைசல் என்று ஒன்று உண்டு. இரட்டைப் பிணைப்பு பக்கத்தில் அமைந்த லாக்டோன் வளையம் (ஆக்சிஜனும் உறுப்பாகச் சேர்ந்த ஒரு வளையம்) இருந்தால் ஊதா நிறம் காட்டும். நிலவேம்புச் சாறு அதில் ஊதாவாகும்.

மலிவு, வேகம், கண்ணால் பார்க்கலாம். பள்ளி ஆய்வகத்திலேயே செய்யலாம். ஆனால் இவை குலத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. ‘ஆல்கலாய்டு இருக்கிறது’ என்பது ‘இந்த ஊரில் ஒரு முருகன் இருக்கிறான்’ என்பது போன்ற செய்தி. போதாததற்கு, டிராகன்டார்ஃப் கரைசல் சில புரதங்களோடும் வீழ்படிவு தரும். இந்தச் சோதனைகளின் கூட்டல் கழித்தல் குறிகளை ஒரு அட்டவணையில் போட்டு ‘சேர்மங்களை அடையாளம் கண்டோம்’ என்று தலைப்பிட்ட கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்குச் சற்று எரிச்சல் வரும். வகைகளைத்தான் அவர்கள் தொட்டிருக்கிறார்கள்.

பிரித்தால்தான் பேச வைக்கலாம்

நூறு பேர் ஒரே நேரத்தில் கத்தும் அறையில் யார் என்ன சொல்கிறார் என்று கேட்க முடியாது. ஒவ்வொருவராக வெளியே வரவழைக்க வேண்டும். அதற்கான கலை குரோமட்டோகிராபி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெத், கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புப் பொடியை அடைத்து, மேலே இலைச்சாற்றை ஊற்றி, கரைப்பானை விட்டுக்கொண்டே வந்தார். ஒரே பச்சையாக இறங்கிய சாறு, பச்சை, மஞ்சள் என்று தனித்தனி வளையங்களாகப் பிரிந்தது. குரோமா என்றால் கிரேக்கத்தில் நிறம். ரஷ்ய மொழியில் ஸ்வெத் என்றாலும் நிறம்தான். தன் பெயரையே முறைக்கு வைத்துவிட்டாரோ என்று இன்றுவரை கிண்டல் உண்டு.

அதன் மிக எளிய வடிவம் மென்படலக் குரோமட்டோகிராபி. சிலிக்கா ஜெல் பூசிய ஒரு சிறு தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே பென்சிலால் லேசாக ஒரு கோடு. பென்சில்தான், பேனா மை கரைப்பானோடு சேர்ந்து தானும் ஏறி வந்து வேடிக்கை காட்டும். நுண்குழாயின் நுனியால் சாற்றைக் கோட்டின் மீது ஒரு புள்ளியாகத் தொட்டு வையுங்கள். பக்கத்தில், கையில் இருந்தால், தூய ஆண்ட்ரோகிராஃபோலைடின் (நிலவேம்பின் கசப்புப் பொருளுக்கு வைத்த பெயர் அது) ஒரு புள்ளி. குளோரோஃபார்ம் ஒன்பது பங்கு, மெத்தனால் ஒரு பங்கு கலந்து மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் அரை சென்டிமீட்டர் உயரம் ஊற்றி, தகட்டை அதில் நிறுத்துங்கள். புள்ளி கரைப்பானுக்குள் மூழ்கக் கூடாது. மூழ்கினால் சாறு மேலே ஏறாமல் கீழே கரைந்துவிடும். முதன்முறை செய்கிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் சறுக்குவார்கள்.

கரைப்பான் தகட்டில் ஈரம்போல் மேலே ஊர்ந்து ஏறும். சிலிக்காவோடு ஒட்டிக்கொள்ளும் சேர்மங்கள் பின்தங்கும். ஒட்டாதவை முன்னே ஓடும். தகட்டை எடுத்து உலர்த்தி, 254 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால், பளபளக்கும் பச்சைப் பின்னணியில் கரும்புள்ளிகள் தெரியும். பச்சையம் வேகமாக மேலே போயிருக்கும். நடுவில் ஒரு அடர்ந்த புள்ளி. பக்கத்திலிருக்கும் தூய மாதிரியும் அதே உயரத்தில் நிற்கும். அனிசால்டிஹைடும் கந்தக அமிலமும் கலந்த கரைசலைத் தெளித்துச் சூடாக்கினால் இரண்டும் ஒரே நிறம் காட்டும்.

இப்போது ‘கண்டுபிடித்துவிட்டோம்’ என்று சொல்லலாமா? ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே உயரத்தில் நிற்க இரண்டு வெவ்வேறு சேர்மங்களாலும் முடியும். கரைப்பான் கலவையை மாற்றி இன்னொரு முறை ஓடவிட்டு, அப்போதும் இரண்டும் சேர்ந்தே நின்றால் நம்பிக்கை கூடும். பிறகு அதே தத்துவத்தில் பெரிய குழாயில் சாற்றைப் பிரித்து, அந்தப் பகுதியை மட்டும் சேகரித்து, கரைப்பானை ஆவியாக்கினால், மெத்தனாலிலிருந்து நிறமற்ற படிகங்கள் விழும். 1911-இல் கோர்ட்டர் என்ற வேதியியலாளர் இந்தக் கசப்புப் பொருளைத் தூய நிலையில் பிரித்து, அது லாக்டோன் வகை என்று காட்டினார். மூலக்கூறை எடைபோடும் நிறைமானியும் அவரிடம் இல்லை, அதன் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆரும் இல்லை.

ஆறு என்ற எண்

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் கையில் தூய வெள்ளைப் படிகம். அதன் அமைப்பு தெரியாது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் நிறைமானி. மூலக்கூறுக்கு மின்னூட்டம் கொடுத்துப் பறக்கவிட்டு, அதன் எடையை அளக்கும் தராசு இது. நேர்மின் முறையில் ஒரு ஹைட்ரஜன் அயனி ஒட்டிக்கொண்டு பறக்கும். எண் 351 என்று வருகிறது. ஆக மூலக்கூறு நிறை 350. சாதாரணக் கருவி இதோடு நிறுத்திக்கொள்ளும். நுட்பமான கருவி 351.2166 என்று நான்கு தசம இடம் வரை சொல்லும். அந்தத் தசமங்களில்தான் சூட்சுமம். 350 எடையுள்ள மூலக்கூறுகள் எத்தனையோ. 21 கார்பன், 34 ஹைட்ரஜன், 4 ஆக்சிஜன் என்றால் 351.2530 வந்திருக்க வேண்டும். 16 கார்பன், 30 ஹைட்ரஜன், 8 ஆக்சிஜன் என்றால் 351.2013. நமது எண்ணுக்கு அச்சாகப் பொருந்துவது 20 கார்பன், 30 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன்.

இந்த வாய்பாட்டை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். வளையமோ இரட்டைப் பிணைப்போ இல்லாத சங்கிலியில் 20 கார்பனுக்கு 42 ஹைட்ரஜன் இருக்க வேண்டும். நம்மிடம் 30 தான். 12 குறைகிறது. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒவ்வொரு இரட்டைப் பிணைப்புக்கும் இரண்டு ஹைட்ரஜன் செலவாகும். அப்படியென்றால் இந்த மூலக்கூறில் வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் சேர்ந்து மொத்தம் ஆறு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்த ஆறை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அகச்சிவப்பு நிறமாலை: எந்தெந்த அலை எண்ணில் அகச்சிவப்பு ஒளியைச் சேர்மம் விழுங்குகிறது என்று காட்டும் வரைபடம். 3400-ஐ ஒட்டி அகலமான பள்ளம்: ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் சேர்ந்த ஆல்கஹால் குழு. 1727-ஐ ஒட்டிக் கூர்மையான பள்ளம்: கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில், லாக்டோனுக்கு ஏற்ற இடத்தில். புற ஊதாவில் 225 நானோமீட்டருக்கு அருகே ஒரு முகடு: அந்த லாக்டோனுக்குப் பக்கத்திலேயே ஒரு கார்பன் இரட்டைப் பிணைப்பும் இருக்கிறது. கெட் கரைசலின் ஊதா நிறம் முன்பே ஜாடை காட்டியது இதைத்தான்.

கடைசியாக என்.எம்.ஆர்., அதாவது அணுக்கரு காந்த ஒத்ததிர்வு. வலுவான காந்தப் புலத்தில் படிகத்தின் கரைசலை வைத்து ரேடியோ அலையால் தட்டினால், ஒவ்வொரு அணுவும் தான் இருக்கும் சூழலுக்கேற்ற இடத்தில் ஒரு கோடாகப் பதில் சொல்லும். கார்பன் நிறமாலையில் இருபது கோடுகள். இருபது கார்பனுக்கும் இருபது முகவரிகள். 170-க்கு அருகே ஒரு கோடு: லாக்டோனின் கார்பன், ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில். 148, 147, 129, 109 ஆகியவற்றை ஒட்டி நான்கு கோடுகள்: இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த கார்பன்கள் நான்கு. நான்கு கார்பன் என்றால் இரண்டு பிணைப்பு. ஆக, ஒன்றும் இரண்டும் மூன்று இரட்டைப் பிணைப்புகள். ஆறில் மூன்று போனால் மீதி மூன்று. வேறு இரட்டைப் பிணைப்புக்குக் கோடு இல்லை. எனவே மீதி மூன்றும் வளையங்களாகத்தான் இருக்க முடியும். லாக்டோன் ஒரு வளையம். ஒட்டியிருக்கும் ஆறு கார்பன் வளையங்கள் இரண்டு. கணக்கு நேராகிவிட்டது.

109-இல் வரும் கோடு தனியாகக் கவனிக்க வேண்டியது. அந்தக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன் இருக்கின்றன. ஹைட்ரஜன் நிறமாலையில் 4.6, 4.8-ஐ ஒட்டி இரண்டு கோடுகளாகத் தெரிகின்றன. வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரட்டைப் பிணைப்பின் நுனி அது. இருபரிமாண என்.எம்.ஆர். படங்கள், எந்த ஹைட்ரஜனிலிருந்து இரண்டு மூன்று பிணைப்பு தள்ளி எந்தக் கார்பன் இருக்கிறது என்று காட்டும். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களை விசாரித்து ஒரு தெருவையே வரைந்துவிடுவது போன்ற வேலை. வரைந்து முடித்தால் லேப்டேன் வகை டைடெர்பீன் (இருபது கார்பன் சட்டகம் கொண்ட தாவரச் சேர்ம வகை) லாக்டோன் ஒன்று நிற்கிறது. ஆண்ட்ரோகிராஃபோலைடு.

இவ்வளவும் தேவையா, 351.2166 போதாதா என்று கேட்கலாம். போதாது. அதே நிலவேம்பிலேயே ஐசோஆண்ட்ரோகிராஃபோலைடு என்று ஒரு சேர்மம் இருக்கிறது. வாய்பாடு அச்சு அசலாக அதே 20, 30, 5. நிறைமானிக்கு இரண்டும் ஒரே எடை. ஆனால் அதில் வளையங்கள் நான்கு, இரட்டைப் பிணைப்புகள் இரண்டு. அங்கேயும் ஆறு வந்துவிடுகிறது! வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த நுனி அதில் கிடையாது. எனவே கார்பன் நிறமாலையில் 109 அருகே கோடு வராது. ஒரே எடையுள்ள இரட்டைப் பிள்ளைகளை ஒரு மச்சத்தை வைத்துப் பிரித்தறிவதைப் போல.

கருவி ‘தெரியாது’ என்று சொல்லாது

இத்தனை பாடுபடாமல் ஒரு நாளில் முப்பது சேர்மங்களை அடையாளம் காணும் வழியும் உண்டு. ஜி.சி.-எம்.எஸ். (வாயுக் குரோமட்டோகிராபியோடு நிறைமானியை இணைத்தது) என்ற கருவியில் சாற்றைச் செலுத்தினால், ஆவியாகக் கூடியவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றையும் உடைத்து, உடைந்த துண்டுகளின் தடயத்தைக் கணினியில் சேமித்துள்ள லட்சக்கணக்கான தடயங்களோடு ஒப்பிட்டு, மிக நெருங்கிய பெயரை அச்சடித்துத் தரும். நறுமண எண்ணெய்களுக்கு இது அருமையான கருவி. சிக்கல் என்னவென்றால், ‘எனக்குத் தெரியவில்லை’ என்று அது ஒருபோதும் சொல்லாது. சேமிப்பில் இல்லாத சேர்மத்துக்கும் ஏதோ ஒரு பெயரை ஒட்டிவிடும்.

விளைவு, மூலிகைக்கு மூலிகை மாறாத ஒரு பட்டியல். பால்மிட்டிக் அமிலம், எந்தத் தாவரக் கொழுப்பிலும் இருப்பது. ஃபைட்டால், பச்சையத்தின் வால். பச்சை இலை எதுவானாலும் வரும். சிலிக்கான் கலந்த சைலோக்சேன்கள், கருவியின் குழாய்ப் பூச்சு சூட்டில் கசிந்தவை. எந்தச் செடியும் அதைத் தயாரிப்பதில்லை. ஆனாலும் ‘இந்த மூலிகையின் சைலோக்சேன் நுண்ணுயிரை எதிர்க்கிறது’ என்ற வரியை அச்சில் பார்த்திருக்கிறேன். நிலவேம்பின் கசப்புப் பொருளோ எளிதில் ஆவியாகாது. சுமார் 230 டிகிரிக்கு மேல்தான் உருகவே செய்யும். மூன்று ஆல்கஹால் குழுக்களையும் முதலில் வேதிமாற்றம் செய்யாமல் இந்தக் கருவியில் ஒழுங்காகப் பறக்காது. ஆக, முப்பது பெயர்கள் கொண்ட பட்டியலில் செடியின் கதாநாயகனே இல்லாமல் போகலாம்.

நானும் சூடுபட்டவன்தான். மாணவனாக இருந்தபோது ஒரு மூலிகைச் சாற்றிலிருந்து நிறமற்ற எண்ணெய் போன்ற ஒரு பகுதியை மூன்று வாரம் போராடிப் பிரித்தேன். நிறமாலையில் 149 என்ற எண்ணில் ஓங்கிய ஒரு கோடு. புதிய சேர்மம் என்று மனதுக்குள் பெயர்கூட வைத்துவிட்டேன். வழிகாட்டி தாளை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, மேசையிலிருந்த பிளாஸ்டிக் குடுவையை எடுத்து என் முன்னால் வைத்தார். 149 என்பது தாலேட்டுகளின் கையெழுத்து. பிளாஸ்டிக்கை நெகிழ்வாக்கச் சேர்க்கும் பொருள். கரைப்பான் அதைக் குடுவையிலிருந்து கரைத்திருந்தது. இலையே போடாமல் வெறும் கரைப்பானை மட்டும் அதே குடுவையில் அதே நேரம் வைத்திருந்து சோதித்திருந்தால், முதல் நாளிலேயே தெரிந்திருக்கும். அன்றிலிருந்து அந்த வெற்றுச் சோதனை இல்லாத எந்தப் பட்டியலையும் நான் பாதி மனதோடுதான் படிக்கிறேன்.

எவ்வளவு உறுதி?

2007-இல் வளர்சிதைப்பொருள் (உயிரினங்கள் தம் உடலில் உருவாக்கும் சேர்மங்கள்) ஆய்வாளர்களின் ஒரு கூட்டு முயற்சி இந்தக் குழப்பத்துக்கு நான்கு படிகளை வகுத்தது. நான்காவது படி: ஏதோ இருக்கிறது, என்னவென்று தெரியாது. மூன்றாவது: வகை தெரியும். இரண்டாவது: நிறையும் துண்டுகளும் அறியப்பட்ட ஒரு சேர்மத்தோடு ஒத்துப்போகின்றன, தூய மாதிரியோடு ஒப்பிடவில்லை. முதலாவது: தூய மாதிரியை அதே நிலைமைகளில் ஓடவிட்டு, ஒன்றையொன்று சாராத குறைந்தது இரண்டு பண்புகள் பொருந்தியிருக்கின்றன. எடை மட்டும் பொருந்தினால் போதாது. குழாயிலிருந்து வெளியேறும் நேரமும் பொருந்த வேண்டும். நிறச் சோதனை மூன்றாம் படியில் நிற்கிறது. கணினி அச்சடித்த பெயர் மிஞ்சிப்போனால் இரண்டாம் படி. முன்பு யாரும் கண்டிராத சேர்மமென்றால் ஒப்பிட மாதிரியே கிடையாது. அப்போது முழு என்.எம்.ஆர். ஆய்வோ, நல்ல படிகம் கிடைத்தால் எக்ஸ் கதிர் ஆய்வோ செய்தாக வேண்டும்.

படிகள் ஏட்டுச் சுரைக்காய் என்று தோன்றினால், நிலவேம்பே ஒரு பொறி வைத்திருக்கிறது. திரவக் குரோமட்டோகிராபியோடு இணைத்த நிறைமானியில் சாற்றை ஓட்டினால் 333.2060 என்ற எண் பலமாக வரும். ஆண்ட்ரோகிராஃபோலைடு கருவிக்குள் போகும் வழியிலேயே ஒரு நீர் மூலக்கூறை உதிர்த்துவிடும்; 351.2166-இலிருந்து நீரின் 18.0106 போனால் 333.2060. சரிதான். ஆனால் செடியில் 14-டீஆக்சி-11,12-டைடிஹைட்ரோஆண்ட்ரோகிராஃபோலைடு என்று நீண்ட பெயருடைய இன்னொரு சேர்மமும் உண்டு. அது பிறவியிலேயே அந்த நீர் இல்லாதது. அதன் எண்ணும் அதே 333.2060. கடைசித் தசமம் வரை வித்தியாசம் கிடையாது.

பிரித்துச் சொல்ல இரண்டு வழிகள். ஒன்று நேரம்: 333 என்ற எண் 351-உடன் கைகோத்துக்கொண்டு அதே நொடியில் வந்தால் அது ஆண்ட்ரோகிராஃபோலைடின் உடைந்த துண்டு, வேறு நிமிடத்தில் தனியாக வந்தால் தனி ஆள். இன்னொன்று புற ஊதா: ஆண்ட்ரோகிராஃபோலைடின் முகடு 225-க்கு அருகே, மற்றதில் கூடுதலாக ஒரு இரட்டைப் பிணைப்பு வரிசையில் சேர்ந்திருப்பதால் முகடு 250-ஐ ஒட்டித் தள்ளிப்போகும். இரண்டையும் பார்க்காமல் 333-ஐ மட்டும் பார்த்து எழுதினால், ஒரே ஆளை இரண்டு பேராகவோ, இரண்டு பேரை ஒரே ஆளாகவோ எண்ணிவிடுவோம்.

அந்த இரண்டாவது ஆள் விஷயத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நிலவேம்புப் பொடியை நீண்ட நாள் வைத்திருந்தாலோ சூடுபட்டாலோ ஆண்ட்ரோகிராஃபோலைடு மெல்ல நீரை இழந்து அதுவாகவே மாறும். எனவே உங்கள் சாற்றில் 250 முகடு தெரிந்தால், அந்தச் சேர்மத்தைச் செடி செய்ததா, சேமித்து வைத்த டப்பா செய்ததா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு இலையை இன்று பறித்து உடனே மெத்தனாலில் போடுங்கள். ஓராண்டு பழைய பொடியை இன்னொரு குடுவையில், கண்ணாடிக் குடுவையில், ஊறவையுங்கள். ஒரே தகட்டில், பென்சில் கோட்டின் மீது, இரண்டையும் அருகருகே புள்ளி வைத்து ஓடவிடுங்கள். பழைய பொடியின் தடத்தில் மட்டும் நடுப்புள்ளி வெளிறி, அதற்குச் சற்று மேலே இன்னொன்று தடித்திருந்தால், எதைப் பற்றி எழுதப்போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும்: செடியைப் பற்றியா, டப்பாவைப் பற்றியா?